அவரவர் தறி நூல்

எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் பாவாதான். எனக்கு முறைப்படியே பாவா. பெரியப்பா மகளைக் கட்டியவர். ஊருக்கெல்லாம் அந்தப் பெயர் எப்படி ஒட்டியது என்று தெரியவில்லை. வீட்டுக்குள் தெலுங்கும் வாசலில் தமிழுமாகப் பேசிய நெசவாளர் தெரு அது. திருத்தணி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரம். அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒருவர் பெயரை எடுத்துப் பேசுமுன் அவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. கேட்பதற்கு இப்போது அவர் இல்லை.

குட்டையான ஆள். தறிக்குழியில் கால்விட்டு உட்கார்ந்தே பாதி ஆயுள் போனதால் நடக்கும்போதும் முன்பக்கம் சற்றுச் சாய்ந்திருப்பார். எதிரே வருகிறவர்களுக்கு ஏதோ ரகசியம் கேட்க வருகிறார் என்று தோன்றும். உண்மையிலும் அவர் கேட்கத்தான் வருவார்.

திருத்தணி ஆந்திராவிலிருந்து மதராஸ் மாநிலத்துக்கு வந்தது அறுபதாம் வருஷம். ஊரில் வெடி வெடித்தார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். அவர் மட்டும் பல வருஷம் கழித்தும் அதைச் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்படுவார்.

"ராத்திரி ஆந்திராவுல படுத்தேன் மச்சான். காத்தால எழுந்தா மெட்ராஸ்ல இருக்கறேன். அதே பாய், அதே தலகாணி. எவனாவது வந்து, ஏம்பா, உன்ன தூக்கி அந்தாண்ட வெக்கப்போறோம், உனக்கு சம்மதமான்னு ஒரு வார்த்தை கேட்டானா?"

"உங்களுக்கு மெட்ராஸ் புடிக்கலியா பாவா?"

"யாரு சொன்னா புடிக்கலைன்னு? கேட்டிருந்தா நான் மெட்ராஸ்னுதான் சொல்லியிருப்பேன்."

இதுதான் அவர். முடிவு என்ன என்பதில் அவருக்குப் பெரிய அக்கறை கிடையாது. கேட்டார்களா என்பதுதான் அக்கறை.

வீட்டிலும் அப்படியே. காலையில் தறியில் உட்காருமுன் அன்றைக்கு என்ன குழம்பு என்று பெண்டாட்டியில் தொடங்கிக் கைக்குழந்தை வரை கேட்பார். ஒருவர் கத்தரிக்காய் என்பார், இன்னொருவர் கருவாடு என்பார். அக்கா அடுப்படியிலிருந்து கத்துவாள்.

"இன்னாங்க, உங்க எலெக்‌ஷன் எப்போ முடியும்? அடுப்பு எரிஞ்சிகினு கெடக்குது!"

"ஆங், இதோ. சின்னது ஒண்ணு இன்னும் ஓட்டு போடல."

"அதுக்குப் பல்லே மொளைக்கல!"

"பல்லு இல்லாட்டி வயிறு இல்லியா?"

பெரிய மகளுக்கு மொட்டை போட மலைக்குக் கூட்டிப் போனபோது நானும் உடன் போனேன். அக்காவின் வேண்டுதல் அது. உறவெல்லாம் திரண்டு போயிருந்தோம். நாவிதர் தலையை நனைத்துக் கத்தியை எடுத்தபோது குழந்தை திமிறிக்கொண்டு எழுந்து, "வேணாம் நைனா" என்றது. அழவில்லை, தெளிவாகச் சொன்னது. பாவா உடனே அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். ஈரத்தலையோடு இறங்கினார்.

"முருகனுக்கு வேண்டிகினதுய்யா! தெய்வக் குத்தம்!" என்று அவருடைய அம்மா மாரில் அடித்துக்கொண்டார்.

"வேண்டிகினது நீங்க. முடி அவளுது."

இரண்டு தலைமுறை உறவுக்காரர்கள் அன்று அவரோடு பேச்சை விட்டார்கள். மறு வருஷம் குழந்தையே வந்து, "நைனா, நான் மொட்டை போட்டுக்கறேன்" என்றது. அப்போதும் அவர் உடனே கிளம்பவில்லை. யாராவது மிட்டாய் கொடுத்துச் சொல்லச் சொன்னார்களா என்று விசாரித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

எரிச்சலூட்டும் மனிதர் என்பதையும் சொல்ல வேண்டும். தெருக்கோடியில் இருந்த நெசவாளர் சொசைட்டிக்கு அவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் வருஷம், கூரை ஒழுகியது. ஓடு மாற்றலாமா, தகரம் போடலாமா என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடிக்குமுன் மழை வந்துவிட்டது. நூல் கட்டுகள் நனைந்து போயின. "பாவா, மழையையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று முனுசாமி கேலி செய்தான். முனுசாமி கடைசி வீட்டுக்காரன்; வாய்த்துடுக்கு அதிகம், தறியில் கையும் வேகம். பாவா சிரிக்கவில்லை. நனைந்த நூலைத் தம் வீட்டு வாசலில் உலர்த்திக்கொண்டே, "தப்புதான். இதுக்கெல்லாம் கேக்காம செய்யலாமான்னு மொதல்லயே கேட்டு வெச்சிருக்கணும்" என்றார்.

நான் சென்னையில் பி.ஏ. அரசியல் படித்துக்கொண்டிருந்த காலம். விடுமுறைக்கு வந்தால் அவரோடு சொசைட்டியில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் பெருமையாக அடிப்படை உரிமைகளைப் பற்றி எடுத்துச் சொன்னேன்.

"இதெல்லாம் நமக்கு யாரு குடுத்தது?" என்றார்.

"அரசியல் சட்டம் குடுத்தது பாவா."

"சட்டத்த யாரு குடுத்தது?"

"நாமதான். மக்கள் நாமே நமக்குக் குடுத்துக்கொண்டதுன்னுதான் முதல் பக்கத்திலேயே இருக்குது."

"நாமளே எடுத்து நாமளே குடுத்துகினோம்னா, எடுக்கறதுக்கு முன்னாடியே அது நம்மகிட்ட இருந்திருக்கணும் இல்ல?"

நான் விடவில்லை. "இருந்து என்ன பாவா பிரயோசனம்? வெள்ளைக்காரன் காலத்திலயும் இருந்திருக்குமே. அப்போ யார் காப்பாத்தினா? சட்டம்னு ஒண்ணு எழுதி, கோர்ட்டுனு ஒண்ணு வெச்ச அப்புறம்தானே அதுக்கு மதிப்பு?"

அந்த விடுமுறை முழுவதும் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். நான் சென்னைக்குக் கிளம்பும் நாளில் ரயிலடிவரை வந்து, "மச்சான், காப்பாத்தறவன் வேற, குடுத்தவன் வேற. காவக்காரன் வயலுக்கு சொந்தக்காரன் ஆவ மாட்டான்" என்றார். அப்போது அது எனக்கு வாதத்தில் தோற்றவரின் சமாளிப்பாகத்தான் பட்டது.

அவர் கொண்டுவந்த நூல் ஓட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது.

சொசைட்டிக் கூட்டங்களில் கை தூக்கித்தான் ஓட்டு. கூலிக்கு நெய்கிறவர்கள் முதலில் தங்கள் முதலாளியின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் கை போனால் இவர்கள் கையும் போகும். பாவாவுக்கு இது பிடிக்கவில்லை. "இது கை தூக்கறது இல்ல, கை கட்றது" என்பார். சீட்டு எழுதிப் போடலாம் என்றால் பாதிப் பேருக்கு எழுத வராது. அதனால் ஒரு வழி செய்தார். ஒரு சேலையை மறைப்பாகக் கட்டி அதற்குப் பின்னால் இரண்டு மண்பானைகள் வைப்பார்கள். மஞ்சள் பூசிய பானை சம்மதம். சுண்ணாம்பு பூசியது வேண்டாம். ஒவ்வொருவராக உள்ளே போய் ஒரு துண்டு நூலைப் போட்டுவிட்டு வர வேண்டும். எண்ணி முடித்ததும் அங்கேயே எல்லோர் முன்பும் கற்பூரம் வைத்து நூலைக் கொளுத்திவிடுவார்கள்.

முதல் தடவை சொசைட்டியிலேயே வெள்ளை நூல் வெட்டிக் கொடுத்தார்கள். அலுவலக ஆள் கூடுதலாகத் துண்டு வெட்டி வைத்துக்கொண்டான் என்று சண்டை வந்தது. அதற்குப் பிறகு பாவா ஒரு விதி போட்டார்: அவரவர் வீட்டுத் தறியிலிருந்து அவரவர் நூல் கொண்டுவர வேண்டும்.

"சொசைட்டி குடுத்த நூல்ல ஓட்டு போட்டா அது சொசைட்டி குடுத்த ஓட்டு. குடுத்தவன் நாளைக்கு இல்லைன்னு சொல்லிட்டா நீ இன்னா பண்ணுவ? உன் தறி நூலு, உன் வீட்டு சாயம், உன் கை. அத எவனும் உனக்குக் குடுக்கல. எவனும் திருப்பியும் கேக்க முடியாது."

எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. அதில் இருந்த பிழை யாருக்கும் தோன்றவில்லை. நெசவாளிகளைத் தவிர வேறு யாரும் அந்தப் பிழையைச் செய்திருக்கவும் முடியாது. தன் நூலைத் தன்னுடையது என்று சொல்லும் பெருமையில், அது தன்னுடையது என்று அடையாளம் காட்டும் என்பதை மறந்துபோனார்கள். எரித்துவிடுவதால்தான் அது பத்திரமாக இருந்தது.

நான் படிப்பை முடித்து, சொசைட்டிகளை மேற்பார்வை பார்க்கும் துறையிலேயே தற்காலிக வேலைக்குச் சேர்ந்தேன். திருத்தணியிலேயே போட்டார்கள். தெருவில் எனக்கு "தார் சுத்தத் தெரியாத தறிக்காரன் மவன்" என்று பெயர். நாடாவுக்குள் வைக்கும் தார்க்கட்டையில் நூல் சுற்றுவது அங்கே குழந்தைகளுக்கும் தெரியும். நூலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தார்கள். ஆனால் கல்லூரி விடுமுறைகளில் சொசைட்டிக்கு வரும் துணியைத் தொட்டுப் பார்த்தே இது யார் வீட்டுத் துணி என்று பாவாவிடம் சொல்வேன். அவர் அதை ரசிப்பார். "கண்ணா அது, பூதக்கண்ணாடி" என்பார். அது அவருக்கும் எனக்குமான விளையாட்டு.

எமர்ஜென்சி வந்தது. முதலில் எங்கள் ஊரில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ரயில் நேரத்துக்கு வந்தது என்று மெச்சினார்கள். பிறகு மாநில அரசும் போனது. உரிமை கேட்டுக் கோர்ட்டுக்குப் போக முடியாதாம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பாவா என்னைத்தான் கேட்டார்.

"நிறுத்தி வெச்சிருக்காங்க பாவா. ரத்து பண்ணல. கொஞ்ச காலத்துக்கு நிறுத்தி வெச்சிருக்காங்க."

"நிறுத்தி வெக்கறதுன்னா? மூச்ச நிறுத்தி வெக்கற மாதிரியா?"

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். "மெதுவா பேசுங்க."

சொசைட்டிகளின் நிர்வாகக் குழுக்களைக் கலைத்து உத்தரவு வந்தது. எங்கள் சொசைட்டிக்கு ஒரு தனி அலுவலர் வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. மரியாதையாகப் பேசுவார், எனக்குத் தம் கையால் டீ ஊற்றிக் கொடுப்பார். மேலிடத்தில் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு. உறுப்பினர்கள் தாங்களே முன்வந்து பொறுப்பை ஒப்படைத்ததாக ஒரு தீர்மானம் வேண்டும் என்றார். ஒரு முற்பகலில் பொதுக்கூட்டம் கூட்டினோம்.

அவர் பேசி முடித்து, "ஆகவே இந்தத் தீர்மானம் ஒருமனதாக..." என்று தொடங்கும்போது பாவா எழுந்தார்.

"ஐயா, ஒருமனசான்னு பாத்துட்டுத்தானே ஒருமனசுன்னு எழுதணும்?"

சிரிப்பு எழுந்தது. அலுவலரும் சிரித்தார். "பாருங்களேன்" என்றார். பானைகள் வந்தன. சேலை கட்டினார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். எண்ணிப் பார்த்தால் சுண்ணாம்புப் பானையில்தான் நூல் அதிகம்.

அலுவலரின் முகம் மாறியது. என் காதருகே, "எரிக்க வேண்டாம். ஆபீஸுக்கு எடுத்து வாங்க" என்றார். பாவா அதற்குள் கற்பூரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நான் போய்ச் சொன்னேன்.

"பாவா, ஆபீசர் ஒரு தடவை எண்ணிப் பாக்கணுமாம். பானை ஆபீஸ்ல இருக்கட்டும். நாளைக்கு நானே எடுத்துவந்து கொளுத்திடறேன்."

அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். பசி நேரம். கேட்பதென்றால் எல்லோரையும் திரும்பக் கூப்பிட வேண்டும். என்னைப் பார்த்தார். "நீதானே" என்று சொல்லிச் சுண்ணாம்புப் பானையைக் கொடுத்தார். அவர் கேட்காமல் செய்து நான் பார்த்த ஒரே காரியம் அதுதான்.

மறுநாள் திருப்பிக் கொண்டுவருவதாக நான் சொன்னது அந்த நேரத்தில் பொய் இல்லை.

அன்று பிற்பகல் அலுவலகத்தில் அவர் அந்தப் பானையை மேசைமேல் கவிழ்த்தார். நீலம், பச்சை, அரக்கு, மஞ்சள் என்று நூல் துண்டுகள் குவிந்தன. மின்விசிறியில் பறந்துவிடாமல் கையால் மறைத்துக்கொண்டு, "வேடிக்கையான ஜனங்கள். இது யாருடையது என்று கடவுளுக்குத்தான் தெரியும்" என்றார்.

அவர் என்னைக் கேட்கவில்லை. மிரட்டவில்லை. முதல் நூலை நானாகவே எடுத்தேன். "இது முனுசாமி வீட்டு நீலம் சார். கருப்புச் சாயம் போட்ட தொட்டியிலேயே நீலமும் போடுவாங்க. அதனால கொஞ்சம் மங்கும். கஞ்சிக்குக் கேழ்வரகு சேர்ப்பாங்க. தொட்டுப் பாருங்க, சொரசொரக்கும்."

அவர் தொட்டுப் பார்த்தார். "அடடே!" என்றார். அந்த அடடேவை இன்னொரு முறை கேட்க வேண்டும் போல் இருந்தது. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போது பயத்தினால் சொன்னேன் என்று எழுதலாம். வேலை நிரந்தரமாகவில்லை, காலம் அப்படி என்று எழுதலாம். பயம் பிறகுதான் வந்தது. அவர் பேனாவை எடுத்தபோது வந்தது. அப்போது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அடுத்த நூல், அதற்கடுத்த நூல் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

பாவா வீட்டு நூலும் அதில் இருந்தது. அக்கா போடும் அரக்குச் சாயம் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். அதை மட்டும், "இது தெரியவில்லை சார்" என்று ஒதுக்கிவிட்டேன். அவரைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அன்று வீட்டுக்குப் போகும்போது அது ஒன்றுதான் ஆறுதலாக இருந்தது.

அடுத்த வாரம் முதல் அந்த வீடுகளுக்கு நூல் நின்றது. "சப்ளை வரவில்லை" என்று பதில். பக்கத்து வீட்டுக்கு வருகிறது, இந்த வீட்டுக்கு வரவில்லை. யார் யாருக்கு நின்றது என்று தெருவே கணக்குப் போட்டுப் பார்த்துப் புரிந்துகொண்டது. முனுசாமி சொசைட்டி வாசலில் நின்று கத்தினான்.

"வேணாம்னு சொல்லக்கூடாதுன்னா எதுக்குய்யா கேட்டீங்க? ஆங்? எதுக்குக் கேட்டீங்க?"

அன்று மாலையே ஜீப் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போயிற்று.

நூலைக் கொடுக்கச் சொல்லியும் முனுசாமியை விடச் சொல்லியும் பாவா அலுவலரின் அறைக்கு நடையாய் நடந்தார். ஒவ்வொரு தடவையும் வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கடைசியில் உள்ளே கூப்பிடுவார்கள். அவர் உள்ளே போவதையும் வருவதையும் தெருக்காரர்கள் பார்த்தார்கள். பானையை அவர் கையால் கொடுத்ததையும் பார்த்திருந்தார்கள். தலைவராக இருந்து ஒவ்வொரு வீட்டுத் துணியையும் தொட்டுப் பார்த்தவர் அவர்தான். முதலில் எழுந்து எதிர்த்துப் பேசியவர் வீட்டுக்கு மட்டும் நூல் நிற்கவில்லை. வேறு என்ன வேண்டும்?

தெருக்குழாயடியில் முனுசாமியின் மனைவி அவரை மறித்தபோது நானும் அவருடன் நடந்து வந்துகொண்டிருந்தேன்.

"உன் வீட்டுக்கு மட்டும் எப்டி பாவா நூலு வருது? சொல்லு!"

அவர் நின்றார்.

"குழம்பு வெக்கறதுக்குக் கூட சம்மதம் கேப்பியே. எம் புருஷன வித்தியே, எங்கிட்ட வந்து கேட்டியா? த்தூ!"

குடங்களோடு நின்ற பெண்கள் யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. நான் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் என்னைப் பார்த்து, "நீ போ தம்பி, உனக்கு இன்னா தெரியும்" என்றாள்.

அன்றோடு அவர் சொசைட்டி நூலை வாங்குவதை நிறுத்தினார். தறி சும்மா கிடந்தது. "நடிப்புடா" என்றது தெரு. அக்கா வேறு வீடுகளுக்குத் தார் சுற்றப் போனாள்.

எமர்ஜென்சி போயிற்று. தேர்தல் வந்து தில்லியில் ஆட்சி மாறியது. முனுசாமி திரும்பி வந்தான். அவனுடைய வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. தறியில் நாடாவை ஓடவிடும் கயிற்றை இழுக்க அந்தக் கைதான் வேண்டும். சொசைட்டிக்கு மறுபடி தேர்தல் நடத்த உத்தரவு வந்தது. நடத்த வேண்டியவன் நான். இதற்குள் என் வேலை நிரந்தரமாகி, கல்யாணமும் ஆகியிருந்தது.

கூட்டத்துக்கு முந்தின நாள் கிருத்திகை. தெருவெல்லாம் காவடிக் கூட்டம். பாவா என் வாடகை வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"உள்ள வரலாமா?"

"என்ன பாவா கேள்வி?"

வந்து உட்கார்ந்தார். என் மனைவி மோர் கொடுத்தாள். அவள் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்.

"நாளைக்குக் கூட்டத்துல, நூல காட்டிக் குடுத்தது யாருன்னு என்ன கேப்பாங்க. உன் பேர சொல்லலாமா மச்சான்?"

நான் செய்தேனா என்று அவர் கேட்கவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"இல்லன்னு மட்டும் சொல்லாத. என் நூல விட்டுட்ட பாரு, அதுல தெரிஞ்சிது. வேற எவனா இருந்தாலும் மொதல்ல என்னத்தான் மாட்டியிருப்பான்."

வெளியே பம்பைச் சத்தம் கடந்து போனது. அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"என் தப்பும் இருக்குது. பானை என்னுது இல்ல, அவங்களுது. கேக்காம உங்கைல குடுத்துட்டேன். அத நான் சொல்லிடுவேன், அது என் விஷயம். உன் பேரு உன்னுது. அதான் கேக்கறேன்."

"வேணாம் பாவா" என்றேன். "வேலை போயிடும். இவ வேற முழுகாம இருக்கறா."

வற்புறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மோரைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆங். சரி."

அவ்வளவுதான். பல வருஷங்கள் நான் அவர்மேல் கோபமாக இருந்திருக்கிறேன். என்னைக் கேட்காமல் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? வேலை போயிருக்கும், நாலு பேர் அடித்திருப்பார்கள், கணக்கு அன்றோடு தீர்ந்திருக்கும். கேட்டதால் முழுவதையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் பெருந்தன்மை என்பதா, தண்டனை என்பதா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அவருக்கு இரண்டும் தெரியாது என்றே நினைக்கிறேன். அவருக்குத் தெரிந்தது கேட்பது மட்டும்தான்.

மறுநாள் கூட்டத்தில் நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முனுசாமி எழுந்தான். சத்தம் போடவில்லை. பழைய துடுக்கு எதுவும் அவனிடம் இல்லை.

"பாவா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. யாரு சொன்னது?"

"பானைய உங்கள கேக்காம குடுத்தது என் தப்பு. அத ஒத்துக்கறேன்" என்றார். "நூல அடையாளம் சொன்னது நான் இல்ல. யாருன்னு எனக்குத் தெரியும். சொல்றதுக்கு சம்மதம் கெடைக்கல."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "யாரு சம்மதம் தரணும்? ஜனாதிபதியா?"

கூடம் முழுவதும் சிரித்தது. முனுசாமி சிரிக்கவில்லை, தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பாவா மேசைப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அது சொன்னதாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. நான் எழுந்து இரண்டு வார்த்தை சொல்ல அங்கே இடமிருந்தது, நேரமிருந்தது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த அலுவலுக்குப் போனேன்.

நூல் ஓட்டு வேண்டாம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அலுவலகத்திலிருந்து அச்சிட்டு முத்திரை போட்ட சீட்டுகள் கொண்டுவந்திருந்தேன். வரிசையில் வந்து ஒவ்வொருவராக வாங்கிப் போனார்கள். பாவாவும் வந்தார். சீட்டை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு என் முன்னால் வைத்தார்.

"இது நீங்க குடுக்கறதுங்க" என்றார்.

பிறந்ததிலிருந்து என்னை நீ என்று சொன்னவர் அன்றுதான் நீங்க என்றார். ஓட்டுப் போடாமல் போய்விட்டார். அவரைத் தலைவராக யாரும் முன்மொழியவும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் யாருடைய பவர்லூம் கொட்டகையிலோ கூலிக்குப் போனார். எனக்கு மாற்றலும் பதவி உயர்வும் வந்தன. எப்போதாவது ஊருக்குப் போனால் வழியில் பார்ப்பேன். "நல்லா இருக்கறீங்களா?" என்பார். அந்த ங்க கடைசிவரை போகவில்லை.

அவர் செத்த செய்தி வந்தபோது நான் செங்கல்பட்டில் இருந்தேன். போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். தெருவிலிருந்து அதிகம் பேர் வரவில்லை என்று கேள்விப்பட்டேன். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டினவ நான், எங்கிட்ட கூட யாருன்னு சொல்லலடா. கால்ல விழுந்து கேட்டேன். 'அவன் வேணாம்னுட்டான்மே'ன்னாரு. அவ்ளோதான். எவனோ ஒருத்தன் சோறு துன்னுகினு நல்லாத்தான் இருப்பான், இல்ல?"

நான் அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன்.

"நீ ஆபீஸ்லயே இருந்தவனாச்சே. உனக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியாதுக்கா" என்றேன்.

அவள் என்னை நம்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குச் சாப்பாடு போடச் சொல்லி மகளைக் கூப்பிட்டாள்.